மரம் நடாத பெண்ணுக்கு எழுதிய பாராட்டுரை

போன வாரம் தீபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“ஏனுங்க மேடம், பழைய சைட்டேஷன் ஏதாச்சும் இருந்தா வாட்ஸப்புல அனுப்பியுடுங்க. இந்த வருசம் எல்லாமே ஆன்லைன் ஆயிப்போச்சு. பசங்களே சர்ட்டிபிகேட்ட ஏத்திப்போடறாங்க, கம்ப்யூட்டரே மார்க் போட்டுருது. சைட்டேஷன் மட்டும் ஆளுதான் எழுதோணுமாம்” என்றாள்.

மார்க் போடக் கம்ப்யூட்டர் போதும், புளுகுவதற்கு மட்டும் இன்னும் ஒரு மனுசி தேவைப்படுகிறாள் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைதான். ஆனாலும் என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். பத்தொன்பது வருடத்துச் சைட்டேஷன்களும் என் பீரோவில் ஒரே ஃபைலில் இருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் தீபா பார்த்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். போனை வைத்த பிறகு யோசித்தால், அவள் பார்க்க வேண்டியதே அந்த ஒன்றுதான் என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

பல்லடம் ரோட்டில் இருந்த எங்கள் கல்லூரியை நூல் மில் வைத்திருந்த ஒருவர் ஆரம்பித்தார். கலை அறிவியல் கல்லூரி. அவரைத் தாளாளர் என்று யாரும் சொல்ல மாட்டோம், ‘ஐயா’ என்றால் அவர்தான். வளாக வாழ்வுக்குத் தலைசிறந்த பங்களிப்பு செய்த மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் ‘வளாகச் செம்மல்’ என்று பட்டம் கொடுக்க வேண்டும் என்பது ஐயாவின் ஆசை. கல்லூரி நாளன்று சால்வை, கேடயம், அப்புறம் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுரை. அந்தப் பாராட்டுரைக்குத்தான் அலுவலகத்தில் சைட்டேஷன் என்று பெயர்.

நான் காரமடைக்காரி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த தெம்பில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வருகைப் பதிவு, தேர்வுப் பிரிவு, ஹாஸ்டல் அட்மிஷன் என்று மேசை மேசையாக உருண்டு சூப்பிரண்டு ஆனேன். தமிழில் நாலு வரி தப்பில்லாமல் எழுதுவேன் என்பது எப்படியோ வெளியே தெரிந்துபோய், சைட்டேஷன் என் தலையில் விழுந்தது. பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான்.

விருதுக்கு விண்ணப்பம் ஏழு பக்கம். மொத்தம் நூறு மார்க். நாட்டு நலப்பணிக்கு இத்தனை, விளையாட்டுக்கு இத்தனை, ரத்த தானத்துக்கு இத்தனை, மரக்கன்றுக்கு இத்தனை என்று பிரித்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வைக்க வேண்டும். கடைசிச் சில வருடங்களில் மூலையில் இடமும் நேரமும் அச்சான போட்டோ இல்லாவிட்டால் அந்தச் சேவை நடக்கவே இல்லை என்று அர்த்தம். தெருவில் விழுந்த கிழவியைத் தூக்கிவிட்டாலும் முதலில் போட்டோ எடுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஆதாரங்களுக்கு எண் போட்டு, பச்சை டேக்கில் கோத்து, மேலே சுருக்கத் தாள் வைத்து நான் குழுவுக்கு அனுப்புவேன். குழுவில் ஐந்து பேர். அவர்கள் கூடுவதற்கு முந்தின நாளே ஐயா வீட்டிலிருந்து பெயர் வந்துவிடும். அந்தப் பெயருக்கு எங்கெங்கே மார்க் கிடைக்கும் என்று தேடுவதற்குத்தான் குழு கூடும். தேடிக் களைத்தவர்களுக்கு உளுந்து வடையும் காபியும் உண்டு.

ஒரு வருடம் வந்த பையன் மூன்று வருடத்தில் முப்பத்தொரு தடவை ரத்தம் கொடுத்திருந்தான். அத்தனைக்கும் சான்றிதழ் இருந்தது. அவ்வளவு கொடுத்த பிறகும் யாரும் தாங்கிப் பிடிக்காமல் மேடைக்குத் தானே நடந்து வந்தானே, அதற்கே அவனுக்கு இன்னொரு விருது கொடுத்திருக்கலாம். மரக்கன்று கதை இன்னும் விசேஷம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி உண்டு. ஒவ்வொரு ஜூனிலும் சிறப்பு விருந்தினர் அதே குழியில்தான் கன்று வைப்பார். அடுத்த ஜூனுக்குள் அது காய்ந்திருக்கும், வாட்ச்மேன் பிடுங்கிப்போட்டுக் குழியைத் தயாராக வைத்திருப்பார். அந்தக் குழிக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம். ஃபைலில் நட்ட மரங்கள் எல்லாம் நிஜமாக வளர்ந்திருந்தால் எங்கள் கல்லூரிக்குள் யானைதான் படித்திருக்கும்.

இத்தனையும் எழுதியவள் நான்தான். ‘இவர் வளாகத்தின் உயிர்மூச்சாக விளங்கினார்’ என்ற வரியை மட்டும் ஆறு பேருக்குப் போட்டிருக்கிறேன்.

எங்கள் பிரின்சிபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் பச்சை மைப் பேனா ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். அது அழகுக்கு. வேலை எல்லாம் பென்சிலில்தான். ஃபைலைக் கொண்டுபோய் வைத்தால் ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக ‘பேசவும்’ என்று எழுதுவார். பேசப் போனால் ‘பார்க்கலாம்’ என்று எழுதுவார். மூன்றாவது தடவை போனால் முந்தின இரண்டையும் ரப்பரால் அழித்துவிட்டு, “என்னுங்க மேடம், இத எனக்குக் காட்டவே இல்லையே?” என்பார். அதட்டவே மாட்டார். பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். ஏதாவது தப்பாகிப் போனால் அந்தத் தப்பின் மேல் அவர் கைரேகைகூட இருக்காது. எதிரே உட்கார்ந்து தலையாட்டியவர்தான் மாட்டுவார்.

இனி சுகன்யா. வெள்ளகோவில் பொண்ணு. கணிதம் மூன்றாம் ஆண்டு. அப்பா இல்லை, அம்மா பல்லடத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் வேலை. பெண்கள் ஹாஸ்டலில் மெஸ் கமிட்டிச் செயலாளர் அவள். அந்தப் பதவிக்குச் சாம்பாரில் உப்பு குறைந்தால் திட்டு வாங்குவது தவிர வேறு அதிகாரம் கிடையாது.

ஒரு பிப்ரவரியில் ஹாஸ்டல் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக ஊருக்குப் போக ஆரம்பித்தார்கள். விடுப்புப் பதிவேட்டில் ஒருத்திக்கு மாமன் மகள் கல்யாணம், ஒருத்திக்குக் குலதெய்வம் கோயில் பூசை என்று வார்டன் எழுதியிருந்தார். போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. சுகன்யா ஒவ்வொருத்திக்கும் போன் செய்து கேட்டிருக்கிறாள். பதினாலு பேர், பதினாலு பேருக்கும் மஞ்சக்காமாலை. கணக்குப் படிக்கிற பிள்ளையல்லவா, ஒரு தாளில் கட்டம் போட்டு யார் எந்த அறை, எந்தத் தேதியில் படுத்தார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதினாள். எல்லா அறையும் கிழக்குப் பிளாக். கிழக்குப் பிளாக்குக்குத் தனித் தொட்டி. மொட்டை மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மூடி உடைந்து கிடந்தது, உள்ளே செத்துப் போன புறா மிதந்தது.

வார்டனிடம் சொன்னாள். “நீ படிக்க வந்தியா, டேங்க் பாக்க வந்தியா அம்மணி?” என்று அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, கோயமுத்தூரில் தண்ணீர் சோதிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். ரிப்போர்ட் வந்தது, குடிக்கத் தகுதியற்றது என்று. அதை மெஸ் கதவில் ஒட்டி, கீழே கையால் எழுதினாள்: ‘இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. காய்ச்சியும் குடிக்காதீங்க.’

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கதவு எல்லா அப்பாம்மா போனிலும் இருந்தது. மறுநாள் காலையில் நாலு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. அதற்கு மறுநாள் தொட்டியைக் கழுவி, குழாய் மாற்றி, புது மூடி போட்டார்கள். பல வருடமாக ‘பார்க்கலாம்’ என்றே பென்சிலில் எழுதப்பட்டிருந்த வேலை இரண்டே நாளில் முடிந்தது. அதன் பிறகு ஒரு பிள்ளையும் படுக்கவில்லை.

சுகன்யாவுக்கு மெமோ போனது. அனுமதியின்றி மொட்டை மாடி ஏறியது, அனுமதியின்றித் தண்ணீரை வெளியே சோதனைக்குக் கொடுத்தது, அனுமதியின்றி நோட்டீஸ் ஒட்டியது. அதையும் டைப் செய்தவள் நான்தான். மெமோ நிலுவையில் இருந்தால் மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று போட மாட்டோம், ‘திருப்தி’ என்று போடுவோம். வெளியாட்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அடுத்த கல்லூரியில் சேர்க்கிறவருக்கு ‘திருப்தி’ என்று பார்த்தால் உடனே புரிந்துவிடும், இந்தப் பிள்ளை ஏதோ வம்பு என்று. சுகன்யா அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. சேர நினைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது அவள் படிப்பு.

இந்த நேரத்தில் கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. பெற்றோர்களோ இன்னும் ஆறவில்லை. காங்கயத்திலிருந்து ஒருவர் கலெக்டரிடம் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஐயாவுக்கு யோசனை உதித்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், இந்த வருசம் வளாகச் செம்மல் அந்த வெள்ளகோவில் பொண்ணுக்கே குடுத்தறலாம்னு ஐயா சொல்றாருங்க. பேரண்ட்ஸும் சமாதானம் ஆயிருவாங்க. சைட்டேஷன் எழுதிப்போடுங்க.”

“என்னன்னு எழுதறதுங்க சார்? தண்ணி விசயத்தயா?”

அவர் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். “தண்ணியும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம். அந்த நோயிப் பேரு வரவே கூடாது. பொதுவா ஏதாச்சும் போடுங்க. மரம் கிரம்னு.”

ஆக, ஒரே பிள்ளைக்கு என் மேசையில் இரண்டு ஃபைல். இடது பக்கம் அவள் செய்த காரியத்துக்காக மெமோ. வலது பக்கம் அவள் செய்யாத காரியத்துக்காக விருது. இரண்டுக்கும் நடுவில் என் டீ கிளாஸ். நான் சைட்டேஷனை எழுதினேன். ‘வளாகமெங்கும் முந்நூறு மரக்கன்றுகளை நட்டுப் பசுமைப் புரட்சி கண்டவர் இவர்’ என்று ஆரம்பித்து, ‘உயிர்மூச்சாக விளங்கினார்’ என்று முடித்தேன். ஏழாவது உயிர்மூச்சு.

ஆனால் விருது விதிகளில் ஏழாவது ஒன்று இருந்தது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளவருக்கு விருது இல்லை. மெமோவை முடித்து உத்தரவு போடுங்கள் என்று ஃபைல் வைத்தேன். ஓரத்தில் ‘பேசவும்’ என்று வந்தது. போய்ப் பேசினேன்.

“அது அப்படியே இருக்கட்டுங்க மேடம். ஃபங்ஷன் முடியட்டும், பாத்துக்கலாம். அது இருந்தாத்தானுங்க பொண்ணு மேடையில ஒழுங்கா வாங்கிட்டு இறங்கும்.”

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைக்காக வந்த கோபம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் பாதி மூடின ஃபைலைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. “சார், வர்ற குழு மொத மொத விருது ஃபைலத்தான் எடுப்பாங்க. உள்ள மெமோ தொறந்து கெடந்தா, ஏழாவது விதி என்னாச்சுன்னு உங்களத்தான் கேப்பாங்க. என்னையக் கேட்டா, சாருகிட்ட அப்பவே வெச்சனுங்கன்னு சொல்லிப்போடுவேன்” என்றேன்.

பென்சிலை எடுத்தார்.

“பேனாவுலங்க சார்.”

பேனாவைக் கழற்றினார். மை காய்ந்து போயிருந்தது. உதறினார், தாளில் கிறுக்கிப் பார்த்தார், மூடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முள்ளைத் தோய்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ‘இத்துடன் நடவடிக்கை முடிவுற்றது’ என்பதன் கீழே வெளிறிப்போன பச்சையில் கையெழுத்து விழுந்தது. அன்றைக்கே ஒரு நகலைப் பதிவுத் தபாலில் வெள்ளகோவிலுக்கு அனுப்பித் தபால் பதிவேட்டில் எண் போட்டேன். விதிப்படி அப்படித்தான்.

மறுநாள் சுகன்யாவை வரச் சொன்னேன். விருதை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒல்லிப் பிள்ளை, தோளில் பெரிய பை. சைட்டேஷனைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

“மேடம், நான் ஒரு செடிகூட நட்டதில்லீங்களே.”

“யாருதான் நட்டாங்க கண்ணு? இதெல்லாம் எழுதறதுதான். கையெழுத்தப் போடு.”

“நான் செஞ்சத எழுதலாமுங்களே?”

“எழுத முடியாது சாமி. எழுதுனா காலேஜு பேரு என்னாகறது?”

அவள் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவசரம். “இங்க பாரு, உங்கம்மாவ நெனச்சுப் பாரு. மேடையில பாத்தா எத்தன சந்தோசப்படுவாங்க? வீம்பு பண்ணாத” என்று நன்றாகவே புத்தி சொன்னேன். அந்த நாளில் நான் பேசியதில் இதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

“மெமோ என்னாச்சுங்க மேடம்?”

“அது முடிஞ்சுபோச்சு. சார் கையெழுத்துப் போட்டு நேத்தே தபால் போயிருச்சு.”

“மறுபடி எடுக்க முடியுமுங்களா?”

“அதெப்படி எடுப்பாங்க? ஒரு தடவ முடிச்சா முடிச்சதுதான்.”

“அப்ப எனக்கு அது போதுங்க” என்று சொல்லி, படிவத்தைக் கையெழுத்தில்லாமல் மேசையில் வைத்தாள். சைட்டேஷனையும் அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் நான் செய்துவிட்ட காரியம் எனக்கே புரிந்தது. எல்லாவற்றையும் விதிப்படி ஒழுங்காகச் செய்து, பிரின்சிபால் கையிலிருந்த ஒரே கயிற்றை நானே அறுத்துக் கொடுத்திருந்தேன்.

பிரின்சிபால் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். “அந்த மெமோவ மறுபடி தொறங்க மேடம்!”

“உங்க பச்ச மைங்க சார். நகலு அவங்க ஊட்டுல இருக்குது.”

பென்சிலைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எழுத ஒன்றும் இல்லை.

விருது வணிகவியல் பையன் ஒருவனுக்குப் போனது. ஐயாவின் சம்பந்தி வீட்டுப் பையன். கல்லூரிக்கு வரும் விருந்தினர்களுக்கு மாலைத் தட்டு ஏந்தியதுதான் அவன் சேவை. புதுசாக எழுத நேரமில்லை என்று அதே சைட்டேஷனைக் கொடுத்தேன். பாராட்டுரையில் ஆணானாலும் பெண்ணானாலும் ‘இவர்’தான் என்பதால் பெயரை மட்டும் மாற்றினேன். மேடையில் முந்நூறு மரக்கன்று என்று படித்தபோது பெண்கள் வரிசையிலிருந்து ஒரே சிரிப்பு. சிறப்பு விருந்தினர் அதை உற்சாகம் என்று நினைத்துக் கையாட்டினார்.

தரம் போடும் குழுவும் வந்தது. எங்கள் கல்லூரியின் நற்பழக்கங்களில் ‘குடிநீரைத் தாமாகவே முன்வந்து பரிசோதித்தல்’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தோம். ஆதாரம் கேட்டார்கள். இருந்தது ஒரே ஒரு ரிப்போர்ட். மெஸ் கதவிலிருந்து பசையோடு கிழித்து எடுத்தது. அதில் தண்ணீர் கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் சுகன்யாவின் பெயர் இருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து மறைத்து நகல் எடுத்தோம். எடுத்தோம் என்று ஏன் எழுத வேண்டும், அந்தத் துண்டை வெட்டி வைத்தவள் நான். குழு எங்களைப் பாராட்டியது.

தேர்வு முடிவு வந்த பிறகு, நல்ல வெயில் நாளில் சுகன்யா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். பிரின்சிபால் அவள் பெயருக்கு நேரே பென்சிலில் ‘திருப்தி’ என்று குறித்து வைத்திருந்தார். மெமோ முடிந்தவர்களுக்கு விதிப்படி ‘நன்று’ என்று டைப் செய்து, நூறு சான்றிதழுக்கு நடுவில் வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தேன். கட்டுக் கட்டாக வந்தால் அவர் படிக்க மாட்டார்.

அந்த இடத்தை மட்டும் அவள் விரல் வைத்துப் படித்தாள். முகம் தெளிந்தது. “ரொம்ப நன்றிங்க மேடம்” என்றாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். வெள்ளகோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், உதடு காய்ந்திருந்தது.

“கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம்.”

என் பாட்டிலை நீட்டினேன். அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்தி, பாட்டிலைப் பார்த்தாள்.

“தித்திப்பா இருக்குது. சிறுவாணித் தண்ணிங்களா?”

“ஆமா கண்ணு. எங்க ஊடு வடவள்ளியில. அங்கிருந்து கொண்டாருவேன்.”

“தெனமுங்களா?”

“தெனமும்தான்.”

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நானும் திரும்பினேன். எங்கள் அலுவலகத்தில் ஒன்பது மேசை. ஒன்பது மேசை மேலும் வீட்டுத் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒன்று எவர்சில்வர், ஒன்று பேரப்பிள்ளையின் பொம்மை போட்டது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கல்லூரித் தண்ணீர் உப்பு, வாய்க்குச் சேராது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். பிரின்சிபால் காரிலும் ஒரு கேன் வரும்.

“எத்தன வருசமாங்க மேடம்?”

“நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து.”

அவள் பாட்டிலை மூடி, துளி சிந்தியிருந்த இடத்தைத் துப்பட்டாவால் துடைத்து, என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“எங்களுக்கு யாருமே சொல்லலீங்களே” என்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, “நான் வாரேனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.